போதகர் பெற்றுத் தந்த உரிமை

எம்மிற் பலரது கைப்பையில் இருக்கும் மருத்துவ அட்டையின் வரலாற்றைத் தேடிச் சென்றால், சஸ்கச்சுவான் மாகாணத்துச் சிற்றூரான வேபேர்ணில் பணியாற்றிய ஒரு பப்ரிஸ்ற் போதகரை நாம் சந்திப்போம். அவர் பெயர் ரொமி டக்ளஸ்.

1904இல் ஸ்கொட்லாந்தில் பிறந்த அவர், சிறுவயதிலேயே பெற்றோருடன் வினிபெக்கில் குடியேறியவர். எலும்பு நோயால் அவரது காலையே அகற்றவேண்டிய நிலை வந்தது. சிறப்பு வைத்தியத்துக்குப் பெற்றோரிடம் பணமில்லை. தம் மாணவருக்குப் பாடமாகட்டும் என்று அறுவை மருத்துவர் ஒருவர் இலவசமாகச் சிகிச்சை செய்ததாற் கால் தப்பியது. ஏழையின் நலம் இத்தகைய தற்செயலில் தங்கியிருப்பது முறையோ என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

1930இல் வேபேர்ண் சபையின் போதகரானார். வறட்சியும் வேலையின்மையும் வாட்டிய அந்நாளில் ஏழைகளுக்கு உணவும் உடையும் சேர்த்தளித்தார். இரக்கம் மட்டும் போதாதெனக் கண்டு அரசியலில் இறங்கி, 1944இல் மாகாண முதல்வரானார். அவர் வகுத்த பொது மருத்துவக் காப்புறுதி, மருத்துவர்களின் 23 நாள் வேலைநிறுத்தத்தையும் தாண்டி 1962இல் நிலைபெற்றது. கியூபெக்குக்கு 1970இல் வந்தது.

அகதிகளுக்கான மருத்துவ உதவியை 2012இல் மத்திய அரசு குறைத்தபோது, மருத்துவர்களே வீதியில் இறங்கி எதிர்த்தனர். அக்குறைப்புக் கொடுமையானதென 2014இல் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2016இல் உதவி முழுமையாக மீண்டது.

அந்நிய நாட்டில் பிறர்க்குச் சுமையாவோமோ எனக் கூசி, நோயை மறைத்து வாழும் எம் முதியோருக்கு இவ்வரலாற்றை எடுத்துரைப்போம். அவர்களைக் கைபிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம்.