பழைய இசையும் புதிய தட்டும்

"எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஏட்டுச் சுவடிக்குச் சொன்ன இவ்வுரை இசைத்தட்டுக்கும் பொருந்துமாற்றை இவ்வாரம் வாசகர்களுடன் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

வியன்னாவில் இளமையிலேயே மேதையெனப் பெயர் பெற்றவர் எரிக் வூல்ஃப்காங் கோர்ண்கோல்ட். 1938இல் 'றொபின் ஹூட்' படத்துக்கு இசையமைக்க அவர் ஹொலிவூட் சென்றிருந்த வேளையில், ஹிட்லரின் படை ஒஸ்திரியாவிற் புகுந்தது. யூதராகிய அவர் அப்பயணத்தால் உயிர் தப்பினார். அப்படத்தின் இசை ஒஸ்கார் பரிசும் பெற்றது. ஆயினும், 'படத்துக்கு இசை எழுதுபவர்' என்று சங்கீத உலகம் அவரை ஒதுக்கிற்று. 1957இல் அவர் காலமானபோது அவரைப் போற்றியோர் மிகச் சிலரே.

அவர் புகழை மீட்டது ஓர் இசைத்தட்டு. அக்காலப் படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்த ஒலி மிகக் குறுகிய எல்லையுடையது. பெரிய வாத்தியக் குழுவின் முழு நாதமும் அதில் அடங்காது. ஆகவே, 1940இல் வெளியான 'ஸீ ஹோக்' முதலிய படங்களின் இசையைப் புதிதாக வாசித்துப் பதிந்து, 1972இல் ஆர்.ஸி.ஏ. கொம்பனி வெளியிட்டது. சார்ல்ஸ் கெர்ஹாட் குழுவை நடத்தினார். இசைஞரின் புதல்வர் ஜோர்ஜ் கோர்ண்கோல்ட் தயாரித்தார். கென்னெத் வில்கின்ஸன் ஒலியைப் பதிந்தார். இடம், இலண்டன் மாநகரின் கிங்ஸ்வே மண்டபம். அதன் கீழே ஓடும் நிலக்கீழ்ப் புகையிரதத்தின் முழக்கம் சில பதிவுகளிற் கேட்கும்; எனினும் அம்மண்டபத்தின் நாதத்துக்காக ஒலிப்பதிவாளர் அக்குறையைப் பொறுத்தனர். மக்ஸ் ஸ்டைனர், பெர்னார்ட் ஹெர்மன் முதலியோரின் திரையிசையும் இவ்வரிசையிலே தொடர்ந்து வந்தது.

பின்னர் இவை இறுவட்டுகளாக மறுபிறவி எடுத்தன. அப்போது 'டொல்பி சரவுண்ட்' என்னும் முறையில், ஒலி நாற்புறமும் சூழ்வதுபோல் மாற்றியமைக்கப்பட்டன. அதனை விரும்பினோரும் உண்டு. பழைய நெடுந்தட்டின் இயல்பான ஒலியே மேலென்றோரும் உண்டு.

மறுபதிப்பில் இசை கெடும் வழிகள் பல. மூல ஒலிநாடாவை விடுத்துப் படியின் படியைக் கொண்டு செய்தால், ஒவ்வொரு படியிலும் இரைச்சல் ஏறும். அவ்விரைச்சலை அளவுக்கு மீறித் துடைத்தால், வயலினின் மென்மையும் தாளத்தின் ரீங்காரமும் அதனோடு போகும். எல்லாவற்றையும் உரத்து ஒலிக்கச் செய்தால், மெல்லிசைக்கும் பேரோசைக்குமுள்ள வேற்றுமை மறையும். அரிசி புடைக்கும்போது உமியோடு மணியையும் வீசுவது போன்றதே இச்செயல்.

மாணவர்கள் தாமே இதனைச் சோதிக்கலாம். இரு பதிப்புகளையும் ஒரே அளவான சத்தத்தில் வைத்துக் கேட்க வேண்டும். ஏனெனில், உரத்து ஒலிப்பதே நன்றெனச் செவி மயங்கும். பின், இசை முடியும் இடத்தைக் கவனிக்க வேண்டும். கடைசி நாதம் மண்டபத்தில் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கினால், அது நல்ல பதிப்பு. கத்தியால் வெட்டினாற்போல் நின்றுவிடின், இரைச்சலோடு இசையும் துடைக்கப்பட்டதென்று ஐயுறலாம்.

இஃது இசைப்பிரியர் சிலரின் வீண் வழக்கென்று எண்ணுதல் தவறு. கெர்ஹாட் 1999இல் மறைந்தார். கிங்ஸ்வே மண்டபமும் 1998இல் இடிக்கப்பட்டது. அங்கு எழுந்த அந்நாதத்தை இனி எவரும் புதிதாகப் பதிய இயலாது. மூலநாடா ஒன்றே மிஞ்சியுள்ள சான்று. நாளைய பிள்ளைகள் கேட்கப்போவதோ அதன் மறுபதிப்பை மட்டுமே. ஆதலின், எந்த நாடாவிலிருந்து எடுத்தோம், என்ன மாற்றம் செய்தோம் என்பதை உறையிலே அச்சிடுதல் வெளியிடுவோர் கடன். அதனைக் கேட்டு வாங்குதல் நம் கடன்.