போரைப் பார்க்காதவர் வரைந்த போர்ப்படம்!

1854 நவம்பர். கருங்கடல் ஓரத்தில், கிரிமியாவின் பாலக்லாவா துறைமுகம். ஸ்கெட்ச் புத்தகத்தோடு வந்து இறங்குகிறார் 31 வயது வில்லியம் சிம்ப்சன்.

ரஷ்யாவை எதிர்த்து பிரிட்டன், பிரான்ஸ், துருக்கிப் படைகள் போரிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. போர்க்களம் எப்படி இருக்கும் என்று பார்க்க லண்டன் மக்களுக்கு அவ்வளவு ஆவல். அதனால்தான் 'கொல்நாகி' என்ற படப் பதிப்பு நிறுவனம் சிம்ப்சனை அங்கே அனுப்பியது.

ஆனால், ஒரு சிக்கல். எல்லோரும் பேசிக்கொண்டிருந்த அந்தச் சண்டை அக்டோபர் 25-ம் தேதியே முடிந்துவிட்டது!

குழப்பமான ஓர் உத்தரவை நம்பி, சுமார் 670 பிரிட்டிஷ் குதிரை வீரர்கள் ரஷ்ய பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த நாள் அது. 100-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. படையை நடத்திச் சென்றவர் லார்டு கார்டிகன்.

நேரில் பார்க்காததை எப்படி வரைவது? சிம்ப்சன் அந்தப் பள்ளத்தாக்கைப் போய்ப் பார்த்தார். சண்டையில் இருந்தவர்களிடம் விசாரித்தார். வரைந்ததை எடுத்துக்கொண்டு கார்டிகனிடம் போனார். வீரர்கள் கூடாரங்களில் குளிரில் நடுங்க, கார்டிகன் துறைமுகத்தில் நின்ற தன் சொந்தப் படகில் சொகுசாகத் தங்கியிருந்தார்.

படத்தைப் பார்த்த கார்டிகனுக்குத் திருப்தியில்லை. எல்லாம் தப்பு என்று ஒதுக்கிவிட்டார். சிம்ப்சன் திருத்திக்கொண்டு போனார். அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாவது முறைதான் பாராட்டு கிடைத்தது.

அப்படி என்ன மாற்றினார்? படைக்கு முன்னால் கார்டிகன் பளிச்சென்று தெரியும்படி வரைந்தார். அவ்வளவுதான்!

சிம்ப்சனின் வாட்டர்கலர் ஓவியங்கள் கப்பலேறி லண்டன் போயின. அங்கே 'டே அண்ட் சன்' அச்சகத்தில், வழவழப்பான சுண்ணாம்புக்கல்லின் மேல் எண்ணெய்ப்பசை உள்ள கிரேயானால் அவற்றை நகலெடுத்தார்கள். கல்லை நனைத்து மை தடவினால், கோடு இருக்கும் இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஈரமான இடத்தில் ஒட்டாது. பின்னணிச் சாயத்துக்குத் தனிக் கல். இதுதான் லித்தோகிராப். சிறுவயதிலேயே கிளாஸ்கோவில் இந்தத் தொழிலைக் கற்றவர் சிம்ப்சன்.

1855 மார்ச்சில் அந்தப் படம் வெளியானது. தலைப்பிலேயே கார்டிகனின் பெயர்! 1855-56-ல் இரண்டு தொகுதிகளாக, ஏறத்தாழ 80 படங்கள் வந்தன. 'கிரிமியா சிம்ப்சன்' என்று ஊரே அவரை அழைத்தது.

அப்போது புகைப்படம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். ரோஜர் ஃபென்டன் என்பவர் 1855-ல் கேமராவோடு கிரிமியாவுக்குப் போனார். ஆனால், அன்றைய கேமராவில் ஒரு படம் பதியப் பல விநாடிகள் ஆகும். பாயும் குதிரை அதில் பதியாது. அதனால் ஓவியர் வரைந்ததுதான் மக்களுக்குப் போர்.

கார்டிகன் கதை நமக்கு எப்படித் தெரிந்தது? சிம்ப்சனே எழுதி வைத்திருக்கிறார். 1899-ல் அவர் இறந்தார். 1903-ல் வெளியான சுயசரிதையில் இந்த உண்மையை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

அதே தொகுப்பில் இன்னொரு படமும் உண்டு. பாலக்லாவா கரையில், நோயுற்ற வீரர்களைப் படகில் ஏற்றும் காட்சி. அந்தப் போரில் குண்டுகளைவிட அதிகம் பேரைக் கொன்றது நோய்தான். வாள் இல்லை, பாய்ச்சல் இல்லை. நடக்க முடியாத மனிதர்கள் மட்டும்தான்.

இரண்டையும் வரைந்தது ஒரே கைதான். ஒன்றில் பிரபுவின் பெருமை, இன்னொன்றில் பெயர் தெரியாதவர்களின் வலி. அடுத்த முறை ஒரு பழைய போர்ப்படத்தைப் பார்க்கும்போது, முன்னால் நிற்பவரைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவரை அங்கே நிறுத்தியது யார் என்றும் கொஞ்சம் யோசியுங்கள்!