கையொப்பம் தடுமாறிய பத்து நிமிடங்கள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் மாதம். ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று அளிக்க வரும் காலமாதலால் கிளையில் கூட்டம் மிகுந்திருந்தது. பெரியவர் ஒருவர் படிவத்தில் கையொப்பமிட முற்பட்டபோது பேனா நழுவியது. எடுத்துக் கொடுத்தோம், மீண்டும் நழுவியது. ஏதோ சொல்ல முயன்றார், சொற்கள் குழறின. அமரச் செய்து தண்ணீர் கொடுத்தோம். பத்து நிமிடங்களில் கையும் பேச்சும் தெளிந்தன. கையொப்பம் மாதிரியோடு பொருந்தியது. நிறைவோடு அவரை வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். அந்த வாரமே அவருடைய மகன் வந்து, தந்தையின் கணக்கில் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்க இயலுமா என்று கேட்டார்.

நான் வணிகவியல் பயின்றவன், மருத்துவம் அறியேன். ஆயினும், நாங்கள் களைப்பு என்று எண்ணியது தற்காலிக மூளைத் தாக்கு என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன். மூளைக்குச் செல்லும் இரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டுத் தானே சீராகும் நிலை அது. அடுத்த சில நாட்களில் பெரிய தாக்கு நேரும் அபாயம் மிகுதி என்பதால், அறிகுறி மறைந்த பின்னரும் அன்றே மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும். விழுங்கும் திறன் குன்றியிருக்கக்கூடும் என்பதால் தண்ணீர் கொடுத்ததும் பிழையே.

பக்கவாதம் என்னும் பெயரே நம்மைத் திசைதிருப்புகிறது என்பது என் கருத்து. செயலிழந்த கைகால்களைக் கண்டு எண்ணெய் தேய்க்க முனைகிறோம். கேடு நிகழ்வதோ மூளையில். இடப்பக்க மூளை வலக்கையையும், பெரும்பாலோருக்குப் பேச்சையும் ஆள்கிறது. அங்கே தாக்கு நேர்ந்தால் கையொப்பமும் வாய்மொழியும் ஒருசேரப் போய்விடுகின்றன.

மூளைத் தாக்கு இரு வகைப்படும். இரத்தக்குழாயில் கட்டி அடைத்துக்கொள்வது ஒன்று, பெரும்பாலானவை இவ்வகையே. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொன்று. வெளித்தோற்றத்தைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது, சி.டி. ஸ்கேன் வேண்டும். இதய வலிக்குத் தருவதுபோல் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்போர் உளர். கசிவாக இருப்பின் அது தீங்கையே பெருக்கும்.

அடைப்பாயின், கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். பெரிய குழாய் அடைபட்ட சிலருக்கு, நுண்குழாய் செலுத்திக் கட்டியை அகற்றும் சிகிச்சை 24 மணி நேரம் வரையிலும் பயன் தரலாம். நேரக் கணக்கு, நோயாளி இறுதியாக நலமுடன் காணப்பட்ட வேளையிலிருந்து தொடங்குகிறது. உறக்கத்தில் நேர்ந்திருந்தால் படுக்கச் சென்ற வேளையிலிருந்து. வட்டிக்கு நாள் கணக்குப் பார்க்கும் நாம் இங்கே நிமிடக் கணக்குப் பார்த்தாக வேண்டும். பெரிய அடைப்பில் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்பது மருத்துவர்களின் மதிப்பீடு. ‘விடியட்டும், பார்த்துக்கொள்வோம்’ என்று காத்திருப்பதன் விலை இது.

காரணங்களில் தலையாயது உயர் இரத்த அழுத்தம். வலியோ வேறு தொல்லையோ தராமல் பல ஆண்டுகள் அது உடலில் தங்கிவிடும். மாத்திரையை நடுவில் நிறுத்துவோரே இதனால் அதிகம் ஏமாறுகின்றனர். சர்க்கரை நோய், புகையிலை, மிகைக் கொழுப்பு, மது ஆகியனவும் காரணங்களே. சீரற்ற இதயத் துடிப்பு உள்ளவர்க்கு இதயத்தில் உறைந்த கட்டி மூளைக்குச் சென்று அடைப்பதும் உண்டு.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல், இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள். அறிகுறி தோன்றிய நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

அந்த மகனுக்கு விதியை விளக்கினேன். வங்கி அறிந்த இரு சாட்சிகள் முன்னிலையில் ரேகை வைக்கலாம். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். அவர் வீட்டுக்குச் சென்று அலுவலர் சாட்சியாகக் கையொப்பமிட்டவன் நானே. பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஏதோ சொல்ல முயன்றார்.