திட்டமிடல் மென்பொருள்: விற்பவர் சொல்வதும் குடோனில் நடப்பதும்

விநியோகச் சங்கிலித் திட்டமிடல் மென்பொருள் மூன்று கேள்விகளுக்குக் கணக்குப் போட்டு விடை சொல்கிறது: எந்தச் சரக்கு எவ்வளவு விற்கும், எவ்வளவைக் கையிருப்பில் வைக்க வேண்டும், எப்போது எவ்வளவு வாங்கவோ தயாரிக்கவோ வேண்டும். டாலியும் ஈஆர்பியும் பெரும்பாலும் நடந்து முடிந்ததைப் பதிவு செய்கின்றன. திட்டமிடல் மென்பொருள் இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறது. பதிவில் தவறு நேர்ந்தால் மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும், தேடிப் பிடித்துவிடலாம். திட்டத்தில் தவறு நேர்ந்தால் வேண்டாத சரக்கு குடோனை அடைத்துக்கொள்ளும், வேண்டிய சரக்கு கடையில் இருக்காது. காரணம் பிடிபடுவதற்குள் சீசன் முடிந்துவிடும்.

இந்த மென்பொருளைப் பற்றி வணிக வட்டாரத்தில் ஊறிப்போன ஒரு கருத்து உண்டு. தரவரிசையில் முன்னால் நிற்கும் ஒன்றை வாங்கி, எக்செலை மூட்டை கட்டிவிட்டு, ஒரே நாளில் மாறிவிட்டால் முன்கணிப்பு துல்லியமாகும், ஸ்டாக் குறையும், முடங்கிய முதல் வெளியே வரும் என்பதே அது. அதன் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே உரசிப் பார்த்தால் பெரும்பகுதி தேறாது.

முதலில் தரவரிசை. கார்ட்னரின் மேஜிக் குவாட்ரன்ட் போன்ற பட்டியல்கள், விற்கும் நிறுவனத்தின் செய்துமுடிக்கும் திறனையும் சந்தை பற்றிய அதன் தொலைநோக்கையும் இரண்டு அச்சுகளில் அளக்கின்றன. வாங்குபவரின் தொழில் அந்த அளவுகோலில் இல்லை. இரண்டு நாளில் கெட்டுவிடும் பால் பாக்கெட்டுக்கும் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் இருக்கும் பம்ப் உதிரிபாகத்துக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. உதிரிபாகம் ஒரு மாதம் இரண்டு போகும், அடுத்த நான்கு மாதம் ஒன்றும் போகாது. இப்படி விட்டுவிட்டு விற்கும் சரக்குக்கென்றே 1972இல் ஜே.டி. கிராஸ்டன் ஒரு தனி முறையை வெளியிட்டார். தேர்வுக்கு வந்துள்ள மென்பொருளில் அந்த வகை முறை உண்டா, எந்தச் சரக்குக்கு அது தேவை என்று பிரித்துக் காட்டுமா என்பதெல்லாம் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை அல்ல. பட்டியலில் நிற்கும் பெயரும் நிலைப்பதில்லை. 1990களில் கொடிகட்டிப் பறந்த மானுஜிஸ்டிக்ஸ் 2006இலும் ஐ2 டெக்னாலஜிஸ் 2010இலும் ஜேடிஏ நிறுவனத்தின் கைக்குப் போயின. ஜேடிஏ 2020இல் புளூ யோண்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டது, 2021இல் பானசோனிக் வசமானது. சொந்தத் தரவையும் அமைத்துவைத்த விதிகளையும் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பதற்கு இந்த ஒரு வரலாறு போதும்.

அடுத்தது, மென்பொருள் வந்தால் தரவு தானாகச் சீராகிவிடும் என்ற நம்பிக்கை. இந்தத் துறையில் இதைவிட அதிக விலை கொடுக்கவைத்த நம்பிக்கை வேறில்லை. ஒரு சரக்கை எடுத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்குச் சராசரியாக 50 விற்கிறது, தினசரி விற்பனையின் திட்ட விலக்கம் 20. ஆர்டர் போட்டால் 9 நாளில் வரும் என்று சரக்கு மாஸ்டரில் பதிவாகியிருக்கிறது. நூற்றுக்கு 95 முறை ஸ்டாக் தீராமல் இருக்க வேண்டுமென்றால் பாதுகாப்பு இருப்பு 1.65 × 20 × √9, அதாவது 99. ஒன்பது நாள் விற்பனை 450. ஆக, கையிருப்பு 549ஐத் தொட்டதும் ஆர்டர் போடச் சொல்லும். கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. ஆனால் சரக்கு 16ஆம் நாளில்தான் வந்து இறங்குகிறது. அந்த 9, பழைய சப்ளையர் இருந்த காலத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன எண். 549 உருப்படிகள் பதினோராம் நாளில் தீர்ந்துவிடும், அடுத்த ஐந்து நாள் அலமாரி காலி. 16 நாளுக்குக் கணக்கிட்டிருந்தால் 932இலேயே ஆர்டர் போயிருக்கும். எத்தனை கோடி போட்டு வாங்கிய மென்பொருளானாலும் 9 என்று கொடுத்தால் 549 என்றுதான் சொல்லும். பாதிப்பு அதோடு நிற்பதும் இல்லை. காலியாக இருந்த நாட்களின் விற்பனை பூஜ்யம் என்று பதிவாகும். அதைத் தேவை குறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு முன்கணிப்பு அடுத்த மாதம் இன்னும் இறங்கும்.

இதுவே நாடு தழுவிய அளவில் நடந்ததற்கு டார்கெட் நிறுவனத்தின் கனடா முயற்சி சாட்சி. 2013 மார்ச்சில் அங்கே முதல் கடைகளைத் திறந்த அந்த அமெரிக்க நிறுவனம், அந்த ஆண்டுக்குள்ளேயே 124 கடைகளை எட்டியது. எஸ்ஏபியும் ஜேடிஏ முன்கணிப்பு மென்பொருளும் புதிதாக நிறுவப்பட்டன, இரண்டுமே பெயர்பெற்றவை. பல்லாயிரம் சரக்குகளின் விவரத்தை அவசர அவசரமாக உள்ளிட்டதில் சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம் புகுந்தது, நீளமும் அகலமும் இடம் மாறின. அமெரிக்காவில் 98, 99 விழுக்காடு சரியாக இருந்த சரக்குத் தரவு, கனடாவில் ஏறத்தாழ 30 விழுக்காடுதான் சரியாக இருந்தது என்று கனேடியன் பிசினஸ் இதழ் 2016இல் விரிவாக எழுதியது. பழைய விற்பனை வரலாறே இல்லாத நாட்டில் முன்கணிப்புக்கு ஆதாரமாக இருந்தவை மிகை நம்பிக்கையோடு போட்ட மதிப்பீடுகள் மட்டுமே. அந்தக் கட்டுரையில் இன்னொரு விவரம், இந்தத் துறையில் இருப்பவர்கள் அனைவரும் படிக்க வேண்டியது. அலுவலர்களின் வேலைத்திறன், சரக்கு கடையில் இருக்கும் விழுக்காட்டை வைத்து மதிப்பிடப்பட்டது. தானியங்கி ஆர்டரை நிறுத்திவைத்த சரக்கு அந்தக் கணக்கில் சேராது. எனவே சிலர் அதை நிறுத்திவைத்தார்கள். அறிக்கையில் கடை நிறைந்திருந்தது, கடையில் அலமாரி காலியாக இருந்தது. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடுவதாக அறிவிப்பு வந்தது, சுமார் 17,600 பேர் வேலை இழந்தனர். தவறான நடைமுறையை மென்பொருள் திருத்தாது, விரைவாக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் இனி முன்கணிப்பு பிசகாது என்பது அண்மைக் காலத்து வாதம். வால்மார்ட் கடைகளின் விற்பனைத் தரவைக் கொண்டு 2020இல் நடந்த எம்5 போட்டியில் 5,507 அணிகள் கலந்துகொண்டன. 1950களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங் முறையை ஒப்பீட்டுக்கு வைத்ததில், அதை முந்தியவை 7.5 விழுக்காடு அணிகளே. முதலிடம் பிடித்த இயந்திரக் கற்றல் முறை அதை 20 விழுக்காட்டுக்கு மேல் முந்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கருவி வல்லதுதான். ஆனால் தேர்ந்த கைகளிலும், ஒரு கடையில் ஒரு சரக்கு என்ற அடிமட்டத்தில், அந்த ஆதாயமும் மெலிந்துவிட்டது. ஆர்டர் போடப்படுவது அந்த அடிமட்டத்தில்தான்.

உள்ளூர்க் காலண்டரை ஊட்டாவிட்டால் எந்த முறையும் தடுமாறும். தமிழ்நாட்டு ஜவுளிக்கும் இனிப்புக்கும் ஆண்டின் உச்சம் தீபாவளி. 2023இல் அது நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. சென்ற ஆண்டின் அதே வாரத்தைப் பார்த்துப் பருவத்தைக் கணிக்கும் முறை, 2026இல் உச்சத்தை 19 நாள் முன்னதாகவே எதிர்பார்க்கும்; சரக்கு முன்கூட்டியே வந்து குவியும், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் தட்டுப்பாடு வரும். பொங்கலும் ஆடித் தள்ளுபடியும் சூரிய மாதத்தை ஒட்டி வருவதால் அவற்றில் இந்தச் சிக்கல் எழாது. ரம்ஜானோ ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்கிறது. பண்டிகைத் தேதிகளை எங்கே, யார், எத்தனை ஆண்டுக்கு முன்னதாக உள்ளிடுவது என்பது டெமோவின்போது கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

இதன் மறுபக்கமாக, மனிதர் கை வைப்பதால்தான் முன்கணிப்பு கெடுகிறது, அவர்களை விலக்கிவிட வேண்டும் என்ற வாதமும் வருகிறது. நான்கு நிறுவனங்களின் 60,000க்கும் மேற்பட்ட முன்கணிப்புகளை ஆராய்ந்து ராபர்ட் ஃபில்டெஸ், பால் குட்வின் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நுணுக்கமான விடை தருகிறது. திட்டமிடுபவர்கள் செய்த பெரிய திருத்தங்கள் பெரும்பாலும் பலன் தந்தன, ஏனென்றால் கணினிக்குத் தெரியாத ஒரு செய்தி அவர்கள் கையில் இருந்தது. சின்னச் சின்னத் திருத்தங்களால் பலனில்லை, சிலபோது கெடுதல். எண்ணைக் கூட்டிய திருத்தங்கள், குறைத்தவற்றைவிட அதிகம் தவறின. விற்பனை ஆசை அதில் கலந்துவிடுகிறது. எனவே திருத்தும் உரிமையைப் பறிப்பதில் பயனில்லை. கணினி சொன்னது, ஆள் திருத்தியது, உண்மையில் விற்றது ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேமிக்கும் மென்பொருள் வேண்டும். இந்த வசதியைப் பலர் தேர்வின்போது விசாரிப்பதே இல்லை.

எக்செலைப் பற்றிய குற்றச்சாட்டில் உண்மை உண்டு. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, பழைய கோப்பு வடிவின் 65,536 வரி வரம்பில் சிக்கி, ஏறத்தாழ 16,000 கோவிட் நோயாளிகளின் விவரத்தை அன்றாடக் கணக்கிலிருந்து தவறவிட்டது. ஆனாலும் கொள்முதல் மேசையில் எக்செல் நிலைத்திருப்பதற்குக் காரணம் பழக்கம் மட்டும் இல்லை. இந்த சப்ளையருக்கு முழு லாரி நிறைந்தால்தான் அனுப்ப முடியும், அந்த டிஸ்ட்ரிபியூட்டர் மாதக் கடைசி மூன்று நாளில்தான் ஆர்டர் போடுவார் என்பன போன்ற விதிகள் அந்தக் கோப்புகளில் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அவற்றை எடுத்துப் புது அமைப்பில் ஏற்றாமல் கோப்பைப் பூட்டினால், இரண்டாம் மாதமே வேறொரு பெயரில் புதுக் கோப்பு முளைக்கும்.

ஒரே நாளில் மாறிவிட வேண்டும் என்பது எஞ்சியிருக்கும் கூற்று. ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் எஸ்ஏபி, மானுஜிஸ்டிக்ஸ், சீபெல் ஆகிய மூன்று மென்பொருள்களையும் சேர்த்து நிறுவ 48 மாதம் பரிந்துரைக்கப்பட்டிருந்தும் 30 மாதத்தில் முடிக்கத் துணிந்தது. 1999 ஜூலையில், ஹாலோவீன் ஆர்டர்கள் குவியத் தொடங்கும் நேரத்தில், மாற்றம் நடந்தது. 10 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை நிறைவேற்ற முடியாமல் போனது, அந்தக் காலாண்டு லாபம் 19 விழுக்காடு விழுந்தது. நைக்கி 2000இல் ஐ2 மென்பொருளை ஓடவிட்டு, தவறான காலணிகளை அதிகமாகவும் விற்பவற்றைக் குறைவாகவும் ஆர்டர் செய்தது. 2001 பிப்ரவரியில் சுமார் 10 கோடி டாலர் விற்பனை இழப்பை அறிவித்தது. மென்பொருளை அதிகம் மாற்றாமல் படிப்படியாக நிறுவும்படி தான் சொன்னதை நைக்கி கேட்கவில்லை என்பது ஐ2வின் பதில். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு சரக்குப் பிரிவை மட்டும் எடுத்து, சீசன் அல்லாத மாதங்களில் பழைய முறையோடு இணையாக ஓட்டிப் பார்த்திருந்தால் இரண்டு இடத்திலும் இழப்பு சிறியதாகவே இருந்திருக்கும்.

தேர்வுக்கும் அதே இணை ஓட்டம் உதவும். விற்பவரின் மாதிரித் தரவில் ஓடும் டெமோ எப்போதும் அழகாகவே இருக்கும். மூன்று ஆண்டு சொந்த விற்பனையைக் கொடுத்து, கடைசி ஆறு மாதத்தை மறைத்துவைத்து, அந்த மாதங்களுக்கு என்ன ஆர்டர் போடச் சொல்லும் என்று கேட்டு வாங்கி, நடந்ததோடு ஒப்பிட வேண்டும். தீபாவளி நகர்ந்த ஆண்டு ஒன்று அந்தத் தரவில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த ஒப்பீட்டில் அமர வேண்டியவர்கள், வாரந்தோறும் ஆர்டர் போடுபவர்களும் குடோனில் சரக்கு இறக்குபவர்களும். லைசென்ஸ் விலையைப் பேரம் பேசுவதற்கு முன்னால், லீட் டைமும் (ஆர்டர் வந்துசேரும் நாளும்) பேக் அளவும் மாறும்போதெல்லாம் மாஸ்டரில் திருத்த வேண்டியவர் யார் என்று ஒரு பெயரை எழுதி, அந்த வேலைக்கு வாரத்தில் நேரமும் ஒதுக்கியாக வேண்டும்.