திண்ணையில் உட்கார்ந்த துப்பறிவாளர்

அப்பாவிடமிருந்து வரும் கடிதங்களில் ஊர்ப் பெயர் இருக்காது. படை எண், பெயர், யூனிட், கீழே 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக எண் மட்டும் இருக்கும். பாலைவனத்தில் இருந்தாலும் அதே 56, பனிமலையில் இருந்தாலும் அதே 56. கிளியனூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மா ஒவ்வொரு கடிதத்தையும் மூன்று முறை படிப்பார்.

ஓர் ஐப்பசி மாதம், அடைமழைக்கு நடுவே ஒரு கடிதம் வந்தது. லீவு முடிந்து திரும்பும் நம் ஊர்ப் பையனிடம் முறுக்கும் ஊறுகாயும் கொடுத்தனுப்பு. இந்த முறை தேங்காய் எண்ணெய் வேண்டாம், நல்லெண்ணெய் கொடு என்று அப்பா எழுதியிருந்தார். அதுவரை வந்த எல்லாக் கடிதத்திலும் தேங்காய் எண்ணெய்தான் கேட்டிருந்தார். அம்மா கடிதத்தை மடித்தபடி சொன்னார்: “உங்கப்பாவைப் பனி ஊருக்கு மாத்திட்டாங்கடா.” மார்கழி விடியலில் நம் வீட்டிலேயே பாட்டிலுக்குள் உறைந்துபோகும் எண்ணெய் அது. வருஷம் முழுக்க உறைந்து கிடக்கும் ஊரில் யார் அதைக் கேட்பார்கள்? அடுத்த லீவில் வந்த அப்பா, எந்த மலை, எந்தச் சிகரம் என்று வாய் திறக்கவில்லை. “உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று மட்டும் கேட்டார்.

துப்பறியும் கதை எழுதுகிற நமக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம் என்று நினைக்கிறேன். ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. தடயம் எல்லோர் கண்முன்னும் கிடக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். ஆங்கிலத்தில் ‘கோஸி மிஸ்ட்ரி’ என்று ஒரு தனி வகையாகவே வளர்ந்து நிற்கும் கதைகளின் உயிர் இதுதான். குற்றம் நடக்கும், ஆனால் கோரம் திரைக்குப் பின்னால் நடக்கும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறிய ஊர். துப்பறிபவர் போலீசும் அல்ல, கட்டணம் வாங்கும் நிபுணரும் அல்ல. அதே ஊரில் காய்கறி வாங்குகிற ஒருவர். இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பலரும் கேட்கிறார்கள். தெரு முழுவதும் தெரிகிற இடம் திண்ணை என்பதால் ‘திண்ணைத் துப்பு’ என்றே நான் சொல்லிக்கொள்கிறேன். இதைவிட நல்ல பெயர் அகப்பட்டால் எழுதுங்கள்.

நம் மரபு வேறு பாதையில் போனது. ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் ‘ராஜாம்பாள்’ எழுதியபோதே துப்பறியும் கோவிந்தன் தொழில்முறைத் துப்பறிவாளராகத்தான் வந்தார். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேன்–வைஜெயந்தி என்று நாம் நேசித்த எல்லோருக்குமே துப்பு ஒரு வேலை, அல்லது வேலையின் ஒரு பகுதி. வக்கீல் கோட்டோ ஏஜென்சிப் பலகையோ போலீஸ் அடையாள அட்டையோ அவர்களைக் குற்றம் நடந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. விலகி நின்றவர் தேவனின் சாம்பு. ஜப்பான் குண்டுக்கு அஞ்சிச் சென்னை காலியான அதே 1942இல் விகடனில் வந்தவர். வங்கிக் குமாஸ்தா வேலை போனவர். ஆனால் சாம்புவுக்கு வழி காட்டியது அதிர்ஷ்டம். திண்ணைத் துப்பில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. ‘ஜகன்மோகினி’யை நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாள் துப்பறியும் நாவல்களும் எழுதினார். ஒரு பெண் இந்தத் துறைக்குள் இத்தனை சீக்கிரம் வந்தும், வீட்டுக்குள்ளிருந்து துப்பறியும் பெண் நம்மிடம் ஒரு மரபாக வேர்பிடிக்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பட்டாளத்து வீட்டை நான் முன்வைப்பதற்குக் காரணம் சொந்தப் பாசம் மட்டுமல்ல. இந்த வகைக் கதையின் பிறப்பே ஒரு பட்டாளத்து வீட்டில்தான். அகதா கிறிஸ்டி 1914 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் திருமணம் செய்துகொண்டது ராயல் ஃப்ளையிங் கோரில் இருந்த ஆர்ச்சி கிறிஸ்டியை. கணவர் போர்முனையில் இருந்த காலத்தில் இவர் டார்க்கி நகர மருத்துவமனையில் செவிலியாகவும், பிறகு மருந்தகத்திலும் வேலை பார்த்தார். பாட்டில்களுக்கு நடுவே நின்ற அந்த நாட்களில்தான் விஷங்களைப் பற்றிய அறிவும் முதல் நாவலும் ஒன்றாக வளர்ந்தன. 1920இல் வெளிவந்த ‘ஸ்டைல்ஸ் மர்மம்’ நாவலில் கதை சொல்லும் ஹேஸ்டிங்ஸ், காயம்பட்டுப் போர்முனையிலிருந்து ஓய்வுக்கு அனுப்பப்பட்டவர். துப்பறியும் பாய்ரோ பெல்ஜியத்திலிருந்து வந்த போர் அகதி. மருந்தாளுநர்களின் தொழில் இதழே அந்த நாவலைப் பாராட்டி மதிப்புரை எழுதியது. அந்தப் பாராட்டைக் கிறிஸ்டி கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாவலில் ஒரு தடயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொளுத்தும் வெயில் நாளில் வீட்டு எஜமானி கணப்பில் தீ மூட்டச் சொல்கிறார். ஏன்? போர்க்காலச் சிக்கனத்தில் அந்த வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் குப்பைக்குப் போவதில்லை. எல்லாம் சேர்த்துக் கட்டி அனுப்பப்படுகிறது. ஒரு பத்திரத்தை யாருக்கும் தெரியாமல் ஒழிக்க வேண்டுமென்றால் எரிப்பதைத் தவிர வழியில்லை. எங்கோ நடக்கும் போரின் விதி ஒன்று வீட்டுக்குள் புகுந்து, அங்கே தடயமாக மாறிவிட்டது. பட்டாளத்து வீட்டுக் கதையின் சூட்சுமம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. போர்க்களத்தைக் காட்ட வேண்டாம். அதன் விதிமுறை வீட்டுக்குள் எதை மாற்றியது என்று காட்டினால் போதும்.

அமெரிக்காவில் இன்றும் இதை எழுதுகிறார்கள். சாரா ரோசெட்டின் ‘மூவிங் இஸ் மர்டர்’ 2006இல் வந்தது. அதன் நாயகி எல்லி ஏவரி விமானப்படை விமானியின் மனைவி, வீடுகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பவர். ஷெர்ரி ஹாரிஸின் ‘டேக்ட் ஃபார் டெத்’ 2014இல் வந்தது. விமானப்படைத் தளத்தை ஒட்டிய சிற்றூரில், பழைய பொருள் விற்பனைகளில் சுற்றும் சாரா வின்ஸ்டன் அதில் துப்பறிகிறார். இரண்டு எழுத்தாளர்களுமே விமானப்படை வீரர்களின் மனைவிமார். அடிக்கடி இடமாற்றம் என்பது ரோசெட்டுக்குக் கைகொடுக்கிறது. ஒரே சிற்றூரில் எத்தனை கொலை நடக்கும் என்று வாசகர் கேட்பதற்குள் குடும்பம் அடுத்த தளத்துக்குக் கிளம்பிவிடும்.

இதை அப்படியே நகலெடுக்கும் கதைகள் நம் இதழுக்கு வருகின்றன. குன்னூர் வெலிங்டனில் பங்களா, மேஜரின் மனைவி, மாலையில் கிளப், அடுத்த மாதம் தாம்பரம். எழுதலாம், தவறில்லை. ஆனால் கிளியனூரிலோ, வீட்டுக்கு வீடு ஒரு படைவீரர் என்று பேர்பெற்ற வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையிலோ மேஜர் வீட்டைத் தேட வேண்டியிருக்கும். இங்கெல்லாம் நீங்கள் பார்ப்பது சிப்பாய், நாயக், ஹவில்தார். குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைக்கிற ஓரிரு வருஷம் போக, மனைவி ஊரில்தான் இருக்கிறார், மாமியாரோடு. நகர்கிறவர் கணவர், ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர் இவர். அமெரிக்கக் கதைக்கு நேர் எதிர். உட்கார்ந்திருப்பவருக்குத்தான் ஊர் முழுக்கத் தெரியும். கையிலிருக்கும் அரைகுறைத் தகவலை வைத்து முழுதையும் ஊகிக்கும் பழக்கம் வருஷக் கணக்காக அவருக்கு ஊறிப்போயிருக்கிறது. துப்பறிவாளரை உருவாக்க நீங்கள் மெனக்கெட வேண்டியதே இல்லை. ஆயத்தமாக உட்கார்ந்திருக்கிறார்.

பட்டாளத்து வீட்டின் பொருள்களைப் பாருங்கள். வெள்ளைப் பெயின்ட்டில் படை எண்ணும் பெயரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி. டிஸ்சார்ஜ் புக். கேன்டீன் கார்டு. எங்கள் ஊர் புதுச்சேரி சாலையில் இருப்பதால் இங்கே மூன்று வகை மதுபாட்டில் புழங்கும்: ஹாலோகிராம் ஒட்டிய டாஸ்மாக் பாட்டில், புதுச்சேரிக் கடைப் பாட்டில், படையினருக்கு மட்டும் என்று அச்சிட்ட கேன்டீன் பாட்டில். வயல் வரப்பில் கிடக்கும் ஒரு காலி பாட்டிலைப் பார்த்து, நேற்றிரவு இங்கே உட்கார்ந்தவர் யார் வீட்டோடு பழக்கமுள்ளவர் என்று பட்டாளத்துக்காரர் மனைவி சொல்லிவிடுவார். சோதனைச் சாவடிக் காவலர்கூட யோசித்துத்தான் சொல்வார்.

காகிதங்கள் இன்னும் வளமானவை. வீரரின் திருமணம், குழந்தை பிறப்பு எல்லாம் படையில் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்னும் பதிவில் ஏற வேண்டும். அதில் ஏறாத மனைவி குடும்ப ஓய்வூதியம் வாங்குவது பெரும்பாடு. டிரங்குப் பெட்டியின் அடியில் கிடைக்கும் ஒரு பெயர் போதும், நாவல் தொடங்கிவிடும். ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர லீவு, 30 நாள் கேஷுவல் லீவு என்ற கணக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டு நாயக் எப்போது வந்தார், எப்போது கிளம்பினார் என்று தெருவே அறியும். லீவுத் தாளில் உள்ள தேதிக்கும் அவர் பஸ் ஏறிய தேதிக்கும் இரண்டு நாள் இடைவெளி இருந்தால் அந்த இரண்டு நாள் எங்கே போனது?

நவம்பர் மாதம் தனிக்கதை. ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்கும் மாதம். மரக்காணத்து உப்பளத்தில் முப்பது வருஷம் உப்பு வாரிய ஒரு சிப்பாயின் விதவையை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனி தேய்ந்து, கருவியில் கைரேகை விழாது. அவருக்குக் காகிதச் சான்றிதழ் வழி இருக்கிறது. அந்த வழியில் வேறு யாராவது அவர் பெயரில் நடந்திருந்தால்? கையெழுத்திட்ட கிழவியின் உள்ளங்காலைப் பார்த்தால் தெரிந்துவிடும். உப்புப் பாத்தியில் மிதித்த கால் வெடித்து வெளுத்திருக்கும். என் தாய்வழிப் பாட்டியின் காலை நான் பார்த்திருக்கிறேன். இறந்தபோதும் அந்த வெடிப்புகள் மூடவில்லை.

எழுதும் நண்பர்களுக்குத் தொழில் முறையில் சில எச்சரிக்கைகள். கொலையில் சிக்கும் பட்டாளத்துக்காரரை நம் கதைகள் உடனே ‘கோர்ட் மார்ஷல்’ செய்துவிடுகின்றன. லீவில் ஊருக்கு வந்தவர் ஊர்க்காரர் ஒருவரைக் கொன்றால், 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 70ஆம் பிரிவுப்படி வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குத்தான் போகும். களப்பணியில், அயல்நாட்டில், அல்லது அறிவிக்கப்பட்ட எல்லைச் சாவடியில் நடந்தால்தான் விலக்கு. ஆக, கிளியனூர் காவல் நிலையம் கதைக்குள் வந்தே தீரும். ஓய்வுபெற்றவர் என்றதும் வெள்ளை மீசை வைக்காதீர்கள். சிப்பாயாக ஓய்வுபெறுபவர் பெரும்பாலும் நாற்பதைத் தொடாதவர். பிறகு வங்கிக் காவலோ ஏ.டி.எம். காவலோ பார்ப்பார். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கே ஆண்டு. நால்வரில் ஒருவர் வரைதான் தொடர முடியும், மற்றவர்கள் இருபதுகளிலேயே வீடு திரும்புவார்கள். அந்த இளைஞன் திரும்பிவந்து நிற்கும் வீட்டில் கதை இருக்கிறது.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வரும் கதைகளில் பட்டாளத்துக்காரர் முதல் பக்கத்தில் மூவர்ணக் கொடி போர்த்தி வருகிறார், இல்லையென்றால் கடைசிப் பக்கத்தில் துப்பாக்கியோடு வந்து வில்லனை வீழ்த்துகிறார். அந்த வீடுகளில் கொடி போர்த்தி வருவது உண்மையிலேயே நடக்கிற ஒன்று. முடிச்சுப் போட எளிது என்பதற்காக அதை எடுத்தாளாதீர்கள். விஷத்துக்கும் இதுவே. எங்கள் பக்கத்து எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். மீனவக் குடும்பங்கள் அழுத அழுகையைக் கேட்ட மண்ணில் உட்கார்ந்து விஷச் சாவு எழுதும்போது கை கொஞ்சம் தயங்கவே வேண்டும். கோரத்தைத் திரைக்குப் பின்னால் வைப்பதற்குப் பொருள் சாவை மலிவாக்குவது அல்ல. செத்தவருக்கு ஒரு பெயர், ஒரு பசி, ஒரு கடன், அவரைத் தேடும் ஒருவர் இருக்க வேண்டும். அப்போதுதான் திண்ணையில் இருக்கும் பெண் எழுந்து தெருவில் இறங்குவதற்கு நியாயம் கிடைக்கிறது.

நியாயம் என்றதும் வாசகரோடு நாம் செய்துகொண்ட ஒப்பந்தமும் நினைவுக்கு வருகிறது. அம்மா படித்த கடிதத்தை நானும் படித்தேன். அதே எண்ணெய், அதே வரி. அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வாசகருக்குக் காட்டாத கடிதத்தைக் கடைசி அத்தியாயத்தில் எடுத்து நீட்டும் கதைகளை இந்த இதழ் இனியும் திருப்பி அனுப்பும்.

அடுத்த இதழைப் பட்டாளத்து வீட்டுத் திண்ணைத் துப்புக்கென்றே ஒதுக்குகிறோம். சிப்பாய்களின் மனைவியரும் மகள்களும் எழுதினால் பெருமகிழ்ச்சி. நடை சரியில்லையே என்று தயங்க வேண்டாம், கூட உட்கார்ந்து செப்பனிட நாங்கள் இருக்கிறோம். அம்மாவின் கடிதக்கட்டு இன்னும் அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. எழுத உட்கார்ந்தவர்கள் கிளியனூர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், எடுத்துக் காட்டுகிறேன்.