குளுக்கோஸ் உணரியை எங்கே ஒட்டுவது?

நீரிழிவு கண்ட பிள்ளைக்கு விரலிலே ஊசி குத்துவது ஓயாத தொல்லை. அதனை வெகுவாகக் குறைக்க வந்ததே தோலில் ஒட்டும் குளுக்கோஸ் உணரி. அதனை எங்கே ஒட்டுவது என்பது அற்ப விஷயமன்று, தாய்மாரே!

‘லிப்ரே’ கருவிக்கு மேற்கையின் பின்புறமே உரிய இடம். ‘டெக்ஸ்கொம் ஜி7’ கருவியை 2 முதல் 6 வயதுவரையான குழந்தைகளுக்குப் பிட்டத்தின் மேற்புறத்திலும் ஒட்டலாம். தழும்பும் மச்சமும் இன்சுலின் ஏற்றும் இடமும் ஆகா.

இனி, இரவு நேரம். கருவி அளப்பது இரத்தத்தையன்று. தோலின் கீழுள்ள திசுநீரையே. பிள்ளை அதன்மேற் படுத்து அழுத்தினால், இல்லாத சீனிக்குறைவைக் காட்டி அது அலறும். அப்போது பிள்ளையை எழுப்பி, விரல்நுனி இரத்தத்தை உடனே சோதியுங்கள். அதுவும் டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமிற் குறைந்திருந்தால், தாமதியாது சீனி கரைத்த நீரைப் பருகக் கொடுங்கள்.

பிள்ளை எப்பக்கம் சரிந்து உறங்கும் என்பதைத் தாயைவிட யார் அறிவார்? மற்றக் கையில் ஒட்டுங்கள்.