கடலடித் தூசிக்கு ஓர் அனாமத்துக் கணக்கு



தலைப்பைப் பார்த்துவிட்டு மறுபடியும் அக்கவுண்டன்சி புலம்பல் என்று ஓடிவிடாதீர்கள். இன்றைக்கு மேட்டர் டைனோஃபிளாஜெல்லேட். டைனோசருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை :-)

இவை பெரும்பாலும் கடலில் வாழும் ஒற்றைச்செல் உயிர்கள். இவற்றில் சில வகைகள் வாழ்க்கையின் ஒரு கட்டத்தில் கெட்டியான கூட்டுக்குள் அடைந்துகொண்டு கடலடியில் போய் உறங்கும். காலம் சரியானதும் கூட்டில் ஒரு துளையைத் திறந்து வெளியே போய்விடும். காலிக்கூடு சேற்றில் புதைந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். இதைத்தான் சிஸ்ட் என்கிறார்கள். அளவு, ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறையை அமிலத்தில் கரைத்துவிட்டு மிஞ்சும் தூசியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் கூடு தெரியும். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது பாறையின் வயதைச் சொல்வதும் இந்தத் தூசிதான்.

இதில் புது இனம் ஒன்றை அறிவிக்க வேண்டுமானால் கூட்டின் வடிவம், முட்கள், மேலே தெரியும் தகட்டுக் கோடுகள், உயிர் வெளியேறிய துளை எல்லாவற்றையும் விவரிக்க வேண்டும். ஒரு கூட்டை மூலமாதிரி என்று குறித்துப் படத்தோடு வெளியிட வேண்டும். என் கட்சி என்னவென்றால், எழுதுபவர் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். மற்றதையெல்லாம் அனாமத்துக் கணக்கில் போட வேண்டும்.

காமர்ஸ் படிக்காதவர்களுக்கு: ட்ரையல் பேலன்ஸ் ஒத்துவரவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் வைப்போம். பிறகு பிழை அகப்பட்டதும் நேர் செய்வோம். கையில் கிடைத்த ஏதோ ஒரு கணக்கில் தள்ளிவிட்டுத் தப்பிப்பதுதான் பெரிய குற்றம்.

இந்தத் துறையின் முதல் தவறே அதுதான். 1830-களில் ஜெர்மானிய விஞ்ஞானி ஏரன்பெர்க் சிக்கிமுக்கிக் கல்லின் மெல்லிய சீவலில் முள் முளைத்த உருண்டைகளைப் பார்த்தார். பார்ப்பதற்கு சாந்திடியம் மாதிரி இருந்ததால் அந்தப் பெயரிலேயே சேர்த்துவிட்டார். சாந்திடியம் என்பது நன்னீரில் வாழும் பச்சைப்பாசி! 1850-ல் இங்கிலாந்தின் மாண்டெல், முள் தாங்கியது என்று மட்டும் பொருள்படும் ஸ்பினிஃபெரைட்ஸ் என்ற பெயரைக் கொடுத்தார். அது என்ன உயிர் என்று பெயரில் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எவிட், அந்தத் துளையையும் தகட்டு அமைப்பையும் வைத்து இவற்றில் பல டைனோஃபிளாஜெல்லேட் கூடுகள்தான் என்று காட்டினார். எது என்று சொல்ல முடியாத மிச்சத்துக்கு 1963-ல் அக்ரிடார்க் என்று பெயர் வைத்தார். மூலம் நிச்சயமில்லாதது என்று பொருள். இதைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அசல் அனாமத்துக் கணக்கு!

அதே பத்தாண்டில் வுட்ஸ் ஹோலில் வாலும் டேலும் உயிருள்ள சிஸ்ட்களைப் பொரியவிட்டுப் பார்த்தார்கள். ஸ்பினிஃபெரைட்ஸ் கூட்டிலிருந்து வந்தது, நீந்தும் நிலையில் கோனியாலாக்ஸ் என்று ஏற்கெனவே பெயர் வாங்கிய உயிர். கூட்டுக்கு ஒரு பெயர், உயிருக்கு ஒரு பெயர். இந்த இரட்டைப் பெயர் வழக்கம் இன்றும் தொடர்கிறது. பூஞ்சைகளுக்கு 2011-ல் மெல்போர்ன் மாநாட்டில் இரட்டைப் பெயரை ஒழித்தார்கள். இதற்கும் அப்படியே செய்தால் என்ன என்று தோன்றலாம். கூடாது என்பேன். பத்து கோடி ஆண்டு பழைய கூட்டிலிருந்து என்ன நீந்திப் போனது என்று யார் பொரித்துப் பார்ப்பது?

இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டை என்பவர்களுக்குக் கருங்கடல் உதாரணம். 1973-ல் அங்கே கிடைத்த சிலுவை வடிவக் கூட்டுக்கு ஸ்பினிஃபெரைட்ஸ் குரூசிஃபார்மிஸ் என்று பெயரிட்டார்கள். 1997-ல் ரயன், பிட்மன் இருவரும், கருங்கடல் ஒரு நன்னீர் ஏரியாக இருந்தது, சுமார் 7,500 ஆண்டுகளுக்கு முன் கடல் திடீரென்று உள்ளே பாய்ந்தது என்றார்கள். பெரிய சர்ச்சை. ஏரிக்காலச் சேற்றில் கிடைத்த இந்தக் கூடும் சாட்சிக் கூண்டில் ஏறியது. உவர்நீர் உயிர் என்றார்கள் ஒரு சாரார். கிரீஸில் கஸ்தோரியா ஏரியின் பழைய சேற்றிலும் இது கிடைத்ததால் நன்னீர் உயிரோ என்று 2001-ல் இன்னொரு சாரார் கேட்டார்கள். பெயரிட்டவர்கள் 1973-லேயே 'உவர்நீர்க் கூடு' என்று பெயரில் எழுதியிருந்தால், பெயரே சாட்சியைக் கலைத்திருக்கும். சிலுவை மாதிரி இருக்கிறது என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். அது இன்றும் உண்மை.

இன்னொன்று. லிங்குலோடினியம் மாக்கீரோஃபோரம் என்ற கூட்டின் முட்கள், உப்பு குறைந்த நீரில் பொதுவாகக் குட்டையாகிவிடுகின்றன. பத்துக் கூட்டைப் பார்த்துவிட்டு 'குட்டை முள், புது இனம்' என்று அறிவித்தால் உப்பின் அளவுக்குப் பெயர் வைத்த கதைதான். அதனால் ஒரே ஒரு அழகான கூட்டின் படம் போதாது. நிறைய கூடுகளை அளந்து, குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு என்று எழுத வேண்டும்.

எல்லாவற்றையும் அனாமத்தில் போடுவது சோம்பேறித்தனம் இல்லையா என்று கேட்கலாம். நியாயம்தான். அனாமத்துக் கணக்கை வருஷக்கணக்கில் மூடாமல் வைத்திருந்தால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார். ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக எழுதிய கணக்கில், பிழை எங்கே என்று தேடக்கூட ஆளுக்குத் தோன்றாது. ஏரன்பெர்க்கின் பதிவை நேர் செய்ய நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

வேறு கருத்து இருந்தால் தயங்காமல் திட்டுங்கள். மீண்டும் சந்திப்போம்.